எலுமிச்சைக்கு மூலை கிடையாது

எலுமிச்சை விளைவது புளியங்குடிப் பக்கம். எலுமிச்சைச் சந்தை கூடுவதும் புளியங்குடியில்தான். ஆகவே எலுமிச்சை நலக் கழகத்தின் மண்டல அலுவலகம் சங்கரன்கோவிலில் இருந்தது. இதில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் கழகத்தின் முதல் ஆண்டறிக்கையைப் படிக்காதவர்கள். விளைகிற இடத்திலேயே அலுவலகம் வைத்தால் விவசாயிகள் அடிக்கடி வந்து வேலையைக் கெடுப்பார்கள் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது.

அந்த அலுவலகத்தில் இசக்கித்துரை கண்காணிப்பாளர். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். ‘ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன்’ என்று அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவரும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார், இந்த மானிட்டர் விவகாரம் வந்து சேரும்வரை.

விவகாரம் கனகலட்சுமியிடமிருந்து ஆரம்பித்தது. அவள் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற ஒப்பந்த ஊழியர். ஒன்பது வருஷமாக நிரந்தரமாகத் தற்காலிகம். வறட்சியில் பட்டுப்போன எலுமிச்சை மரங்களுக்குக் கழகம் நிவாரணம் தருகிறது. விவசாயி ஒருவருக்கு ஒரு வரி, வரி ஒன்றுக்கு நாற்பத்தொரு கட்டம். இந்த மென்பொருளைச் சென்னையில் யாரோ பெரிய திரையில் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கனகலட்சுமியின் மேசையில் இருந்ததோ பதினைந்து அங்குலச் சதுரத் திரை. அதில் ஒரே நேரத்தில் பதினோரு கட்டம்தான் தெரியும். இடது கோடியில் பெயர், வலது கோடியில் மரத்தின் எண்ணிக்கை. எண்ணிக்கையைப் போட வலப்பக்கம் நகர்த்தினால் பெயர் மறைந்துவிடும். அவள் தன் மகளின் மரஸ்கேலைத் திரைமேல் வைத்து வரியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து ஏற்றுவாள். கழுத்துக்குப் பட்டை போட்டு ஆறு மாதமாகிவிட்டது.

அப்படியும் இரண்டு பிழை நேர்ந்துவிட்டது. ஒன்றில், குருவிகுளம் சிவனாண்டிக்குப் பட்டுப்போன நாற்பது மரம் அடுத்த வரியில் இருந்த கரிவலம்வந்தநல்லூர் பொன்மணிக்குப் போய்விட்டது. பொன்மணிக்கு மொத்தமே ஏழு மரம், ஏழும் பச்சைப்பசேலென்று நின்றன. ஒரு வருஷத்தில் மூன்று பிழை வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக்கூடாது என்பது கழகத்தின் விதி. மார்ச் முடிய இரண்டரை மாதம் இருந்தது.

“சார், கொஞ்சம் பெரிய ஸ்கிரீனா இருந்தா நான் சரியாப் பண்ணிருவேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு. வரிதான் ஓடிருது” என்றாள் கனகலட்சுமி.

“நான் வாங்கித் தாரேன்மா” என்றார் இசக்கித்துரை. அவருடைய மேசையில் இருபத்திரண்டு அங்குல அகலத்திரை இருந்தது. கண்காணிப்பாளர் பதவிக்கு அது உரியது என்று ஓர் ஆணை உண்டு. அதில் அவர் காலையில் வருகைப் பதிவைப் பார்ப்பார், மத்தியானத்துக்கு மேல் சீட்டு அடுக்குவார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உண்மையாகவே பாடுபட்டார். ஒரு வாரம் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு மானிட்டர்களைப் பற்றிப் படித்தார். கழகத்தின் சிக்கன வரம்பு பன்னிரண்டாயிரம். அந்த விலைக்கு வளைந்த திரை ஒன்று வந்தது, ஆனால் இருபத்திநாலு அங்குலம்தான். விளையாட்டுக்காரர்களுக்கான வேகத்திரை ஒன்று இருந்தது. பட்டுப்போன மரத்தை எவ்வளவு வேகமாகக் காட்டி என்ன பிரயோஜனம் என்று அதைத் தள்ளினார். எழுத்து பெரிதாக வேண்டும், வெளிச்சம் கண்ணைக் குத்தக்கூடாது, கழகத்தின் கிழட்டுக் கம்ப்யூட்டரோடு சேர வேண்டும். கடைசியில் இருபத்தேழு அங்குலத்தில் வந்து நின்றார். கனகலட்சுமியையும் அழைத்துக்கொண்டு ரதவீதியில் நஸ்ரின் பானுவின் கடைக்குப் போனார். வாப்பா ஆரம்பித்த கம்ப்யூட்டர் கடையை அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பெண் பதினாலு வருஷமாக நடத்திவருகிறாள்.

“இருபத்திநாலு போதாதா அண்ணாச்சி? ஆபீஸ்னா எல்லாரும் அதான் கேக்காக.”

“நாப்பத்தொரு கட்டம்மா. ஒரே பார்வையில தெரியணும்.”

நஸ்ரின் பானு இருபத்தேழை இறக்கி வைத்து, கழகத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கனகலட்சுமி கழுத்தைத் திருப்பாமல் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை வாசித்தாள். “சார், பேரும் தெரியுது, மரமும் தெரியுது” என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. இசக்கித்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த வேகத்தில் கொஞ்சம் பாடமும் எடுத்தார்.

“இதை அகலத்துல அளக்கக்கூடாது பாத்துக்கிடுங்க. மூலைக்கு மூலை அளக்கணும். அப்பத்தான் இருபத்தேழு வரும். உலகம் பூரா அப்படித்தான்.”

“அப்படியா அண்ணாச்சி” என்று அந்தக் கடைக்காரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கனகலட்சுமியின் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு விலையில் முந்நூறு ரூபாய் தள்ளினாள். பழைய கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயரையும் சும்மாவே கொடுப்பதாகச் சொன்னாள்.

வாங்குவதற்கு மூன்று விலைப்புள்ளி வேண்டும். அதில் குறைந்தது இரண்டு, கழகம் அங்கீகரித்த வியாபாரிகளிடமிருந்து வர வேண்டும். அங்கீகரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் சாக்கு வியாபாரிகள். கோப்புகளில் நல்ல தமிழே வர வேண்டும் என்பதால் இசக்கித்துரை ‘அகலத்திரை’ என்று எழுதி அனுப்பியிருந்தார். சாக்குக் கடையிலிருந்து பதில் வந்தது: ‘அகலத்திரை, கனமான துணி, மீட்டர் நூற்று நாற்பது. சுருக்கு வைத்துத் தைக்கத் தனி.’ ஆகக் குறைந்த விலை அதுதான் என்பதால் தேர்வுக் குழு அதையே எடுக்கச் சொன்னது. துணியில் எழுத்து தெரியாது என்று விளக்கி இசக்கித்துரை நாலு பக்கம் எழுதினார். குழு அதை ஏற்று, ‘தெரியாது என்பது கண்காணிப்பாளரின் பொறுப்பில்’ என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டது.

இப்படியாக ஐந்து வாரத்தில் மானிட்டர் வந்து இறங்கியது. கனகலட்சுமி மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். ஆனால் கழகத்துக்குள் எது வந்தாலும் அளக்காமல் உள்ளே போகாது. அளப்பவர் நல்லகண்ணு, தர அளவீட்டாளர். எலுமிச்சைகளைப் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரிக்கப் பித்தளை வளையங்களைச் சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் மாட்டியிருப்பார். மானிட்டர் எந்த வளையத்துக்குள்ளும் போகாததால் டேப் எடுத்துவந்து அகலத்தில் வைத்தார். இருபத்துமூன்றரை.

இன்னொரு தடவை வைத்தார். அப்போதும் இருபத்துமூன்றரைதான். நல்லகண்ணு மூச்சு வாங்கிக்கொண்டு மண்டல மேலாளர் பரமசிவனின் அறைக்கு ஓடினார்.

இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை. அந்த அலுவலகம் முப்பது வருஷமாக எலுமிச்சையை மட்டுமே அளந்துவந்திருக்கிறது. எலுமிச்சைக்கு மூலை கிடையாது. எந்தப் பக்கம் அளந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மூலை உள்ள ஒரு பொருள் அங்கே அளவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“வே இசக்கித்துரை, நீரு இருபத்தேழுன்னு எழுதியிருக்கீரு. நல்லகண்ணு அளந்தா இருபத்துமூணரை வருது. மூணரை அங்குலம் எங்க வே போச்சு?”

“சார், அது மூலைக்கு மூலை அளக்கணும்.”

பரமசிவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தம்.

“மூலைக்கு மூலை. நல்லாயிருக்கே. என் வீட்டு மனையை மூலைக்கு மூலை அளந்தா நானும் ஒரு ஜமீன்தான் வே. அப்படிப் பட்டா குடுப்பானா? வேட்டி வாங்குதோம். நீளம் எட்டு முழம்னா நேரா எட்டு முழம். கோணலா இழுத்துக் காட்டி ஒம்பதுன்னா விடுவோமா? முப்பத்தொரு வருசச் சர்வீஸ்ல நான் எதையும் நேராத்தான் அளந்திருக்கேன். மூலைக்கு மூலைங்கிறது குறுக்கு வழி. கழகம் குறுக்கு வழியில போகாது. போகணும்னா அதுக்குன்னு தனி நடைமுறை இருக்கு, அதுக்கு வேற ஆளு இருக்காக.”

மானிட்டரைப் பழையபடி பெட்டிக்குள் வைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். முத்திரையில் ஒரு எலுமிச்சையும் இரண்டு இலையும் இருக்கும். பெட்டி பீரோவின் மேல் ஏறியது. கனகலட்சுமி ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்து வேலையைத் தொடர்ந்தாள். நிமிர்ந்தால் அந்தப் பெட்டிதான் அவள் கண்ணில் படும்.

மூலைக்கு மூலை அளப்பது சரிதான் என்று தகுதியுள்ள ஒருவரிடம் சான்று வாங்கிவரச் சொன்னார் மேலாளர். இசக்கித்துரை வட்ட அலுவலகத்தின் நில அளவையாளரிடம் போனார். நிலமாக இருந்தால் மட்டுமே அளக்க அதிகாரம் உண்டு, திரையைத் தரையில் கிடத்தினாலும் அது நிலமாகாது என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் சுந்தரம்மாளிடம் போனார். அந்த அம்மா வகுப்பு நடுவிலேயே ஒரு காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்: அகலம் இருபத்துமூன்றரை, உயரம் பதின்மூன்றே கால், இரண்டையும் பிதாகரஸ் தேற்றப்படி போட்டால் மூலைவிட்டம் இருபத்தாறு புள்ளி ஒன்பது எட்டு. கீழே கையெழுத்தும் பள்ளிக்கூட முத்திரையும்.

பரமசிவன் அதை இரண்டு முறை படித்தார்.

“இந்தப் பிதாகரஸ் யாரு?”

“கிரேக்க நாட்டுக்காரர் சார். ரொம்பக் காலத்துக்கு முந்தி.”

“இப்ப இல்ல?”

“இல்ல சார்.”

“இல்லாத ஆளோட சான்றை வச்சு நாளைக்கு ஆடிட்டுல நான் என்ன பதில் சொல்ல? சரி, செத்தவரைக் குறைசொல்லக்கூடாது. அவரு கணக்கையே வச்சுக்கிடுவோம். அதுலயும் இருபத்தேழு வரலியே வே. புள்ளி பூஜ்யம் ரெண்டு குறையுது. நேரா அளந்தா மூணரை குறைவு, உம்ம வழியில கோணலா அளந்தாலும் குறைவு. ஆக எந்த வழியில பாத்தாலும் கடைக்காரி குறைச்சிருக்கா. இதை நீரே நிரூபிச்சுட்டீரு.”

டேப்பை ஒரு நூல் தள்ளி வைத்தால் அந்தப் புள்ளி பூஜ்யம் இரண்டு சரியாகிவிடும் என்று சொல்ல இசக்கித்துரை வாயெடுத்தார். அதற்குள் மேலாளர் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். ‘மேற்படி கடைக்காரர் அளவு குறைத்து வழங்கியுள்ளார் என்பதை நேரில் கண்டறிந்தேன்’ என்று அதில் அடித்திருந்தது.

“இதுல கையெழுத்துப் போட்டா தப்பு கடைக்காரியோடது. போடலைன்னா இருபத்தேழுன்னு எழுதினது யாருன்னு கேட்டு மெமோ வரும். மூணு வருசந்தான பாக்கி? யோசிச்சுக்கிடும். எனக்கு ஒண்ணுமில்ல.”

இசக்கித்துரை கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலாவது பிற்பாடு அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவரையே ஆட்டோவில் அனுப்பினார்கள். நஸ்ரின் பானு கடிதத்தை வாங்கி நின்றபடியே வாசித்தாள். சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்குப் பதில் சொல்ல வழியெல்லாம் விதி எண்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

“இது உங்க கையெழுத்தா அண்ணாச்சி?”

“ஆமாம்மா.”

“அன்னைக்கு மூலைக்கு மூலை அளக்கணும்னு நீங்கதான எனக்குச் சொல்லித் தந்தீய?”

அவர் ஆட்டோக்காரன் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தார்.

“எங்க வாப்பா காலத்துல இருந்து இந்தக் கடையை அளவு குறைவுன்னு யாரும் எழுதினது கிடையாது” என்று சொல்லி, அவள் கடிதத்தை நாலாக மடித்து மேசைக்குள் வைத்தாள். பணத்தை முழுதாக எண்ணிக் கொடுத்தாள். அவர் படியிறங்கும்போது, “அந்த அக்காவுக்குக் கழுத்துவலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“இருக்கு” என்றார். அன்றிலிருந்து அவர் ரதவீதியில் அந்தப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டார். காய்கறிக்கடைக்குப் போகக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனார். ‘நானா குறைத்தேன், நானா எழுதினேன், அடித்தது டைப்பிஸ்ட்தானே’ என்று மனசுக்குள் விதவிதமாக வக்கீல் வைத்துப் பார்த்தார். ஒரு வக்கீலும் தேறவில்லை.

மார்ச் மாதம் பிறந்தது. புதிதாக ஆயிரத்து இருநூறு பெயர் வந்து இறங்கின. ஒரு நாள் சாயங்காலம் கனகலட்சுமி அவர் மேசைக்கு வந்து நின்றாள். அப்போது அவர் திரையில் சீட்டுக்கள் நாலு வரிசையாக அடுக்கியிருந்தன. அகலத்திரை என்பதால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன.

“சார், மத்தியானம் சாப்பிட்டுட்டுச் செத்த நேரம் கண்ணசருவீயள்லா. அந்த நேரம் மட்டும் உங்க மிஷின்ல உக்காந்து ஏத்திக்கிடட்டுமா? பேரும் மரமும் சேந்து தெரியும். ஒரு மணி நேரம் போதும்.”

எவ்வளவு எளிய காரியம். ஒரு மணி நேரம் என்ன, திரையையே தூக்கி அவள் மேசையில் வைத்துவிடலாம். பின்னால் இரண்டு வயர்தான். ஜனவரியிலேயே செய்திருக்கலாம். விலைப்புள்ளியும் வேண்டாம், பிதாகரஸும் வேண்டாம், அந்தக் கடைக்காரிப் பிள்ளையின் பெயரும் கெட்டிருக்காது. இது தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று இசக்கித்துரை திகைத்தார். இன்னும் ஒரு நிமிஷம் திகைத்திருந்தால், தோன்றாமல் போகவில்லை என்பதும் புரிந்திருக்கும். தாராளமா உக்காரும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“இது என் பேருல ஏத்தியிருக்கும்மா. ஒப்பந்தக்காரங்க தொட்டா ஆடிட்டுல கேப்பாங்க. ஒரு மனு எழுதிக் குடுத்துருங்க, பாத்துக்கிடலாம்.”

பேசியது யார் என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் பரமசிவன் நிற்கவில்லை. சுவர்தான் இருந்தது.

கனகலட்சுமி முகம் சுளிக்கவில்லை. ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவள். ஒரு தாளை எடுத்து நின்றபடியே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். ‘தங்கள் மேசையிலுள்ள, மூலைக்கு மூலை இருபத்திரண்டு அங்குல அளவுள்ள திரையை மதிய உணவு வேளையில் மட்டும் பயன்படுத்த அனுமதி வேண்டி’ என்று இருந்தது. மூலைக்கு மூலை என்ற இடத்தில் அடிக்கோடும் போட்டிருந்தாள். பின்னால் பிரச்சினை வரக்கூடாது என்று அவருக்காகத்தான் போட்டிருப்பாள்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வாம்மா என்று கூப்பிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம், காகிதம் கைக்கு வந்ததும் கை தானாகவே தேதி முத்திரையைக் குத்தி எண்ணைப் போட்டுவிட்டது. எண் விழுந்த காகிதத்தைக் கிழிக்கக்கூடாது. அது மேலே போயிற்று. ஆறு நாள் கழித்து மேலாளரின் குறிப்போடு கீழே வந்தது: ‘22 அங்குலம் என்பது எந்த முறையில்? முந்தைய கசப்பான அனுபவத்தைக் கருதி, அளவீட்டாளரின் அறிக்கை பெற்று மறுபடி சமர்ப்பிக்கவும்.’ நல்லகண்ணு மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் விடுப்பில் இருந்தார்.

அந்தப் பத்து நாளில் எட்டாவது நாள் மூன்றாவது பிழை நேர்ந்தது. புளியங்குடி முப்பிடாதியம்மாளின் பதினெட்டு மரம் பக்கத்து வரிக்குப் போயிற்று. வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. கனகலட்சுமியே மறுநாள் சரிபார்க்கும்போது கண்டு, அவளே வந்து சொன்னாள். அந்த அம்மாளுக்குப் பணம் போகாமல் நின்றுவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னாள். இசக்கித்துரை பிழைப் பதிவேட்டைத் திறந்து மூன்று என்று எழுதினார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அவள் பையோடு வந்து நின்றாள். கழுத்தில் பட்டை, கையில் டிபன் டப்பா.

“ஸ்கேலை எடுத்துக்கிடுதேன் சார். பிள்ளையோடது.”

“எடுத்துக்கிடுங்கம்மா.”

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பார்.

“அந்த மனு என்ன ஆச்சு சார்? சும்மா, தெரிஞ்சுக்கிடலாம்னுதான் கேக்கேன்.”

மனு அவர் மேசையில், அவருக்கு முன்னாலேயே இருந்தது. அன்று காலைதான் நல்லகண்ணு விடுப்பு முடிந்து வந்து, டேப்பை மூலையிலிருந்து மூலைக்கு இழுத்துப் பிடித்து, இருபத்திரண்டு சரியாக இருக்கிறது என்று சான்றளித்திருந்தார்.

“பரிசீலனையில இருக்கும்மா” என்றார் இசக்கித்துரை.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கனகலட்சுமி தலையை ஆட்டிவிட்டு, குருவிகுளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினாள்.